பெட்டி ஏற்காத படங்கள்

கணிப்பொறியில் யாதொரு விக்கினமுமின்றி முழுவதும் ஓடிய ஒரு திரைப்படம், அதே கோப்பைத் தகட்டில் எழுதித் தொலைக்காட்சியின் கீழிருக்கும் டி.வி.டி. பிளேயரில் இட்டவுடன், ஒலி மட்டும் கேட்க ஒளி கறுத்துப்போவதும், அல்லது நடிகர்கள் இரண்டடி முன்னும் ஓரடி பின்னுமாக இழுத்து இழுத்து நடப்பதும், அதுவுமில்லாவிடில் இக்கோப்பு ஏற்கத்தக்கதன்று என்னும் பொருள்பட ஓர் ஆங்கில வாசகம் திரையின் நடுவே வந்து நிற்பதும், 2003-ஆம் வருஷத்திலிருந்து ஏறத்தாழப் பத்து வருஷ காலம் பல தேசங்களிலும் வீட்டுக்கு வீடு நிகழ்ந்த சாதாரணச் சம்பவங்களாகும். பிளேயரை விற்ற கடைக்காரரையும் கோப்பைக் கொடுத்த நண்பரையும் மாறி மாறி நொந்துகொண்டவர்கள் அநேகர். ஆயினும் இந்தப் பிணக்கின் பூர்வோத்தரங்களை எடுத்துப் பார்த்தால், இது யாரோ ஒருவருடைய கவனக்குறைவால் நேர்ந்ததாகத் தோன்றவில்லை. நாளுக்கு நாள் தன் வித்தையைப் புதுப்பித்துக்கொள்ளும் யந்திரம் ஒன்றும், பிறந்த அன்று கற்ற வித்தையோடு ஆயுள் முழுவதும் நிற்கவேண்டிய யந்திரம் ஒன்றும், ஒரே படத்தைக் காட்ட முற்பட்டதில் விளைந்த பிணக்கு அது. அதில் விட்டுக்கொடுத்தது எது என்பதே எனக்கு இந்தச் சரித்திரத்தின் சுவையான பகுதியாகப் படுகிறது.

இவ்விரண்டுக்கும் பிணக்கே இல்லாதிருந்த காலமும் ஒன்றுண்டு. அசையும் படங்களை எண்களாகச் சுருக்குவதற்குச் சர்வதேச நியமம் ஒன்று வேண்டுமென்று, இத்தாலியரான லியோனார்தோ கியாரிலியோனேயும் ஜப்பானியரான ஹிரோஷி யாசுதாவும் 1988-இல் எம்பெக் என்ற நிபுணர் குழுவைத் தொடங்கி வைத்தார்கள். அக்குழுவின் முதல் நியமத்தை ஆதாரமாகக் கொண்டு, பிலிப்ஸ், சோனி, மட்சுஷிடா, ஜே.வி.சி. ஆகிய நான்கு ஸ்தாபனங்களும் கூடி 1993-இல் வீடியோ சி.டி.க்கு இலக்கணம் வகுத்தன. அட்டையின் நிறத்தால் வெள்ளைப் புத்தகம் என்று பெயர் பெற்ற அந்த இலக்கணம், யாருக்கும் எதிலும் சுதந்திரம் கொடுக்கவில்லை. படத்தின் அளவு, நம் தேசத்தைப் போன்ற, பால் என்னும் தொலைக்காட்சி முறை வழங்கும் நாடுகளில் 352-க்கு 288 புள்ளி. படத்துக்கு வினாடிக்கு 1,150 கிலோபிட். ஒலிக்கு 224 கிலோபிட். ஒரு தகட்டில் 74 நிமிஷம். இவ்வளவுதான், கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. சாதாரண இசைத்தகடு சுழலும் வேகத்திலேயே இந்தப் படமும் வாசிக்கப்பட வேண்டும் என்பதிலிருந்து பிறந்த கணக்கு அது.

இவ்வாறு எல்லாம் முன்கூட்டியே நிச்சயிக்கப்பட்டுவிட்டபடியால், அதை விரித்துக் காட்டும் வேலையை ஒரே சிலிக்கன் சில்லில் அடக்கிவிட அமெரிக்காவின் ஸி-கியூப் போன்ற ஸ்தாபனங்களால் முடிந்தது. அந்தச் சில்லைக் கொண்டு சீனத்தின் அன்ஹுயி மாகாணத்தில் வான்யன் என்ற கம்பெனி 1993-லேயே வீட்டுப் பிளேயர் செய்து வெளியிட, அதைப் பின்பற்றிச் சீனத் தொழிற்சாலைகள் ஆசியாவெங்கும் அப்பெட்டிகளை நிரப்பின. நம்மூர்த் தமிழ்ப் படமோ இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாதது. ஆகையால் அது இரண்டு தகடாகவும் மூன்று தகடாகவும் வந்தது. தியேட்டரில் ஒரே இடைவேளை விட்ட படத்துக்கு வீட்டில் சில வேளை இரண்டு இடைவேளை கிடைத்தது. படத்தின் தெளிவும் சொல்லிக்கொள்ளும்படியாக இல்லை. ஆனால் சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய கணிப்பொறியிலும் பர்மா பஜாரில் வாங்கிய பிளேயரிலும் அத்தகடு ஒரே விதமாக ஓடியது என்பதை மறுக்க முடியாது. பிற்பாடு வந்த டி.வி.டி.யும் இப்படியே இறுகக் கட்டப்பட்ட இலக்கணத்தோடு 1996-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது.

கணிப்பொறி உலகம் சென்ற வழி வேறு. 1992 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் தன் விண்டோஸுக்கென்று வெளியிட்ட ஏ.வி.ஐ. என்ற கோப்புமுறை, உண்மையில் ஒரு வெறும் உறையேயன்றி வேறில்லை. உள்ளே படம் எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பற்றி அதற்கு அக்கறை கிடையாது. நான்கு எழுத்தில் அம்முறையின் பெயரை உறையின்மேல் குறித்துவிட்டால், கணிப்பொறி அப்பெயருக்குரிய கோடெக்கை, அதாவது படத்தைச் சுருக்கி விரிக்கும் நிரலை, தேடி எடுத்து வேலையை ஒப்படைத்துவிடும். இல்லையென்றால் பயனர் இணையத்திலிருந்து ஒரு கோடெக்கை இறக்கி நிறுவிக்கொள்ள வேண்டியது. வெள்ளைப் புத்தகம் கல்வெட்டைப் போன்றதென்றால், ஏ.வி.ஐ. முறை யார் வேண்டுமானாலும் இடைச்செருகல் செய்யத்தக்க ஏட்டுச்சுவடியைப் போன்றது. கணிப்பொறிக்கு இது பெரிய அநுகூலம். பின்னால் வரப்போகும் பெட்டிக்கோ இதுவே சகல துன்பங்களுக்கும் மூலம்.

துன்பத்தின் வித்து பிரான்சு தேசத்தில் விழுந்தது. எம்பெக் குழுவின் நான்காவது நியமம் முற்றுப்பெறுவதற்கு முன்னரே, அதைத் தழுவி மைக்ரோசாஃப்ட் சொந்தமாக ஒரு கோடெக் செய்து, அதன் மூன்றாம் பதிப்பு தன்னுடைய ஏ.எஸ்.எஃப். கோப்புகளில் மட்டுமே வேலை செய்யும்படி பூட்டு ஒன்றும் போட்டுவைத்திருந்தது. ஜெரோம் ரோட்டா என்ற பிரெஞ்சு இளைஞர் அந்தப் பூட்டைக் கழற்றி, ஏ.வி.ஐ. உறைக்குள்ளும் அது செல்லும்படி செய்து இணையத்தில் விட்டார். அக்காலத்தில் அமெரிக்காவில் சர்க்யூட் சிட்டி என்ற கடை ஸ்தாபனம், பணம் கட்டினால் இரண்டு நாள் மட்டும் பார்க்கத்தக்க டிவ்எக்ஸ் என்ற வாடகைத் தகடு ஒன்றை விற்று ஊராரின் வசையைச் சம்பாதித்துக்கொண்டிருந்தது. ரோட்டா அப்பெயரையே எடுத்து, பரிகாசமாகக் கண் சிமிட்டும் முகக்குறி ஒன்றைப் பின்னால் சேர்த்துத் தன் கோடெக்குக்குச் சூட்டினார். வாடகைத் தகடு 1999-இல் மாண்டது. பரிகாசம் மட்டும் பெருவாழ்வு வாழ்ந்தது. டி.வி.டி.யில் நாலைந்து கிகாபைட் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த படம், பார்க்கத்தக்க தெளிவோடு 700 மெகாபைட் சி.டி. ஒன்றில் அடங்கிவிட்டதென்றால், அதை யார் வேண்டாமென்பார்கள்? அதே 1999-இல் டி.வி.டி.யின் பூட்டைத் திறக்கும் நிரலொன்றும் நார்வேயிலிருந்து வெளிப்பட்டுவிட்டபடியால், படத்தை எடுப்பதற்கும் வழி பிறந்தது. சுருக்குவதற்கும் வழி பிறந்தது.

இந்த ஆதி டிவ்எக்ஸ் பார்வைக்கு எம்பெக்-4 போலிருந்தாலும், நியமம் அச்சாகி வெளிவந்தபோது அதனோடு பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. திருட்டுப் பொருள் என்ற தோஷமும் அதன்மேல் இருந்தது. ஆகவே ரோட்டாவும் சில வியாபாரிகளும் சேர்ந்து அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் ஒரு ஸ்தாபனத்தை ஏற்படுத்தி, நியமத்துக்கு இணங்கிய கோடெக்கைப் புதிதாக எழுத முனைந்தார்கள். முதலில் மூலநிரலை ஊரறியத் திறந்துவைத்து, வெளியார் பலர் அதில் உழைத்த பிறகு, 2001-இல் அதை மூடிவிட்டார்கள். உழைத்தவர்களுக்குக் கோபம் வராமலிருக்குமா? அவர்கள் பிரிந்துபோய், டிவ்எக்ஸ் என்ற எழுத்துக்களைத் தலைகீழாகத் திருப்பிப்போட்டு எக்ஸ்விட் என்று பெயர் வைத்து, தங்களுக்கென்று ஒரு கோடெக் எழுதிக்கொண்டார்கள். இவ்வாறாக, 2002-இல் டிவ்எக்ஸின் ஐந்தாம் பதிப்பு வெளிவந்த சமயத்தில், ஏ.வி.ஐ. என்ற ஒரே உறைக்குள், பழைய திருட்டு டிவ்எக்ஸ், புதிய நேர்மையான டிவ்எக்ஸ், எக்ஸ்விட் என்று மூன்று வம்சங்கள் குடியிருந்தன. கணிப்பொறியில் மூன்றும் ஓடின. 2000-இல் ஃபாப்ரிஸ் பெல்லார் தொடங்கிய எஃப்.எஃப்.எம்பெக் என்ற இலவச நிரலும், எக்கோல் சென்ட்ரால் பாரிஸ் கல்லூரி மாணவர்கள் தொடங்கி 2001-இல் உலகுக்கு வழங்கிய வி.எல்.சி. என்ற படம் காட்டும் நிரலும் வளர வளர, கோப்புக்குள் இருப்பது எந்த வம்சம் என்று கேட்கும் அவசியமே கணிப்பொறிக்காரருக்கு இல்லாமற் போயிற்று.

இந்த நிலையில்தான் டென்மார்க்கின் கிஸ் டெக்னாலஜி என்ற சிறு கம்பெனி, டி.பி.-450 என்னும் தன் டி.வி.டி. பிளேயரை 2003-இல் விற்பனைக்குக் கொண்டுவந்து, டிவ்எக்ஸ் கோப்புகளை இது கணிப்பொறியின் உதவியின்றியே காட்டும் என்று பறைசாற்றியது. அதன் உள்ளே இருந்தது சிக்மா டிசைன்ஸ் என்ற அமெரிக்க ஸ்தாபனத்தின் சில்லு. இந்தச் சிக்மா, அதற்கு முந்திய வருஷந்தான் தான் வெளியிட்ட கோடெக் ஒன்றில் எக்ஸ்விட் நிரலை அநுமதியின்றி எடுத்தாண்டதாக எக்ஸ்விட்காரர்களால் குற்றம் சாட்டப்பட்டு, இறுதியில் மூலநிரலை வெளியிட நேர்ந்தது. கிஸ் கம்பெனியின்மீதும் 2004-இல் எம்பிளேயர் என்ற இலவச மென்பொருளின் ஆசிரியர்கள் இதையொத்த புகார் எழுப்பினார்கள். பெட்டிகளின் பிறப்பிலேயே மென்பொருளோடு வழக்கு உண்டாயிற்று என்பதற்காக இதைக் கூறினேன். வழக்கு இருக்க, வியாபாரம் நிற்கவில்லை. தைவானின் மீடியாடெக் மலிவான சில்லுகளில் இந்த வித்தையை ஏற்றியதும், சீனத் தொழிற்சாலைகள் அவற்றைப் பெட்டிகளில் பொருத்தி உலகெங்கும் அனுப்பின.

இனி, அப்பெட்டிகள் எங்கே தடுக்கி விழுந்தன என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். எம்பெக்-4 நியமத்தின் உயர்ந்த வகுப்பு, படத்தைச் சுருக்குவதற்கு மூன்று விசேஷ உபாயங்களை அநுமதித்தது. முதலாவது, படத்தில் நகரும் பகுதி எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதைக் கால் புள்ளி நுட்பம்வரை அளந்து குறிப்பது. இரண்டாவது, காமிரா முழுவதுமாகத் திரும்பும்போதும் கிட்டே நெருங்கும்போதும், ஒவ்வொரு துண்டின் அசைவையும் தனித்தனியே எழுதாமல் படம் முழுவதற்கும் சேர்த்துச் சில எண்களில் சொல்லிவிடுவது. மூன்றாவது, முன்வந்த பிரேமையும் பின்வரப்போகும் பிரேமையும் ஒருங்கே பார்த்து நடுப் பிரேமை ஊகிக்கச் செய்வது. கணிப்பொறிக்கு இவை மூன்றும் கொஞ்சம் கூடுதல் கணக்கு, அவ்வளவே. சில்லுக்கோ, கால் புள்ளிக் கணக்கு என்றால் நினைவகத்திலிருந்து மேலும் மேலும் விஷயத்தை இழுத்து வரவேண்டிய பாரம். காமிரா அசைவுக் கணக்கோ பல சில்லுகளில் அறவே இல்லை. இருந்த சிலவும் டிவ்எக்ஸ் வழக்கப்படி ஒரு புள்ளியைக் கொண்டு கணிக்குமே தவிர, எக்ஸ்விட் வழக்கப்படி மூன்று புள்ளிகளைக் கொண்டு கணிக்கமாட்டா. பெட்டியின் முகப்பிலோ எம்பெக்-4 என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். நியமத்தின் பாதியைக் கற்றவன் முழுமைக்கும் பட்டயம் மாட்டிக்கொள்வது போன்ற இக்காரியத்தை, விலை குறையவேண்டும் என்ற நிர்ப்பந்தத்தைச் சொல்லி முழுவதும் மன்னித்துவிட எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது உபாயத்தில் விளைந்த சிக்கல் இன்னும் விசித்திரமானது. பின்வரும் பிரேமைப் பார்க்காமல் நடுப் பிரேமை விரிக்க முடியாதாகையால், கோப்பில் பின்வருவதே முதலில் எழுதப்பட வேண்டும். விண்டோஸின் பழைய ஏற்பாடோ, ஒரு துண்டு உள்ளே போனால் ஒரு படம் வெளியே வரவேண்டும் என்று விதித்திருந்தது. வரிசை மாறுவதை அது எதிர்பார்க்கவில்லை. டிவ்எக்ஸ்காரர்கள் இதைச் சமாளிக்க, இரண்டு பிரேம்களை ஒரே துண்டில் திணித்து, அடுத்த துண்டை ஏறத்தாழக் காலியாக விட்டுவிடும் தந்திரம் ஒன்றைக் கையாண்டார்கள். எக்ஸ்விட்டும் அதைப் பின்பற்றியது. கணிப்பொறியின் மென்பொருள் இத்தந்திரத்தைத் தெரிந்துகொண்டு நடந்தது. பெட்டிகளில் பலவோ காலித் துண்டு வரும்போதெல்லாம் திகைத்து ஒரு கணம் நின்று, பிறகு தாவி ஓடின. இழுத்து இழுத்து நடந்த நடிகர்களின் ரகசியம் இதுதான். படத்தை மறுபடி சுருக்காமலே, திணித்த துண்டுகளைப் பிரித்து அடுக்கித் தரும் எம்பெக்4 மாடிஃபையர் முதலிய சிறு கருவிகள் இதன்பொருட்டே தோன்றின.

உறையின்மேல் எழுதிய நான்கெழுத்துப் பெயரால் நேர்ந்த அநர்த்தம் நகைப்புக்குரியது. சில பெட்டிகள் உள்ளே இருப்பதைப் பாராமல், பெயர் எக்ஸ்விட் என்றிருந்தால் வாசலிலேயே தடுத்தன. அதே கோப்பின் பெயரை டிஎக்ஸ்50 என்று மாற்றி எழுதிக் கொடுத்தால், ஒரு பிசகுமில்லாமல் முழுப் படத்தையும் காட்டின. நான்கு எழுத்தை மாற்றுவதற்கென்றே தனி நிரல்கள் இருந்தன. எக்ஸ்விட்டின் சொந்த அமைப்புப் பக்கத்திலேயே இதற்கொரு வசதியும் வைத்திருந்தார்கள். வம்சத்தின் பெருமையைவிடப் படம் ஓடுவது முக்கியம் என்று அவர்கள் தீர்மானித்திருக்க வேண்டும்.

விட்டுக்கொடுத்தது எது என்று முதலில் கேட்டேன் அல்லவா? பெட்டி விட்டுக்கொடுக்கவில்லை, அதனால் அது முடியாது. விட்டுக்கொடுத்தது மென்பொருளே. டிவ்எக்ஸ் ஸ்தாபனம் ஹோம் தியேட்டர் என்று ஒரு வகுப்பை வரையறுத்து, 720-க்கு 576 புள்ளிக்கு மேற்படாமலும், கால் புள்ளிக் கணக்கும் காமிரா அசைவுக் கணக்கும் இல்லாமலும் சுருக்கப்பட்ட கோப்பு, தன் முத்திரை பெற்ற பெட்டிகளில் ஓடும் என்று உறுதி கூறியது. சட்டத்துக்குப் புறம்பாகப் படங்களை இணையத்தில் வெளியிட்டு வந்த கூட்டங்களும், தங்களுக்குள் எழுதிக்கொண்ட விதிகளில் அவ்விரு உபாயங்களையும் விலக்கி வைத்தன. கோப்பின் அளவு, ஒலியின் வகை, படத்தின் அகலம் என்று ஒவ்வொன்றையும் வரையறுத்த அந்த விதிகளைப் படிப்பவர், திருட்டுத் தொழிலுக்கு எழுதப்பட்ட சாசனம் இத்தனை ஒழுங்காக இருக்குமா என்று வியக்காமல் இரார். நன்றாகச் சுருக்கும் வல்லமை கையில் இருந்தும், முப்பது நாற்பது டாலர்ப் பெட்டியின் இயலாமைக்காக அதை உபயோகியாமல் பல வருஷம் கட்டுப்பட்டிருந்தார்கள்.

தமிழ்நாட்டில் இந்தத் தகட்டுக் களவு சட்டசபை வரை எட்டியது. படங்களைக் களவாகத் தகட்டில் எழுதி விற்பவர்களையும் குண்டர் தடுப்புச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவர, 1982-ஆம் வருஷத்து அச்சட்டம் 2004-இல் திருத்தப்பட்டது. தகட்டுக்குப் பின் பென் டிரைவ் வந்து, பெட்டிகளின் முகப்பில் அதைச் செருகும் துளையும் வந்தபோது, வேறொரு தடை முளைத்தது. அப்பெட்டிகள் பெரும்பாலும் அறிந்திருந்த ஃபேட்-32 என்ற அடுக்குமுறையில், ஒரு கோப்பு 4 கிகாபைட்டை எட்டக்கூடாது. பெரிய கோப்பை வைக்க வேண்டி என்.டி.எஃப்.எஸ். முறைக்கு மாற்றினாலோ, பல பெட்டிகளுக்குப் பென் டிரைவ் இருப்பதே தெரியாமற் போயிற்று.

எச்.264 என்ற அடுத்த நியமம் 2003-லேயே வெளிவந்துவிட்டது. அதை வகுத்தவர்கள், இன்ன படித்தரத்துக்கு இவ்வளவு நினைவகம் போதும் என்று படிப்படியாகக் கணக்கிட்டுக் கொடுத்திருந்தார்கள். புளூ-ரே தகடுகள் 4.1 என்ற படித்தரத்தைக் கைக்கொள்ளவே, வீட்டுப் பெட்டிகளின் எல்லையும் பெரும்பாலும் அதுவாயிற்று; அப்படித்தரத்தில், 1080 வரிசைப் படத்துக்கு நான்கு பிரேம்களைத்தான் ஒரே சமயத்தில் நினைவில் வைத்துப் பார்க்கலாம். எக்ஸ்264 என்ற இலவச நிரலைக் கொண்டு சுருக்கியவர்களிலோ பதினாறு பிரேம்வரை போனவர்களும் உண்டு. மறுபடியும் பெயரை மாற்றும் பழைய தந்திரம் கிளம்பியது: 5.1 என்றிருந்ததை 4.1 என்று திருத்தினார்கள். வீணாக உயர்த்திக் குறிக்கப்பட்டிருந்த கோப்புகள் இதனால் ஓடின; மெய்யாகவே எல்லை மீறியவை, திருத்திய பின்னரும் சதுரம் சதுரமாகச் சிதறின. 2011-இல் ஜப்பானியச் சித்திரப்பட ரசிகர்கள், வான நிறம் பட்டை பட்டையாகத் தெரியாமலிருக்க வேண்டிப் பத்து பிட் நிற நுட்பத்துக்கு மாறியபோதோ, பெட்டிகளைப் பற்றிய கவலையை அறவே விட்டுவிட்டார்கள். எட்டு பிட்டுக்கென்று வார்த்த சில்லுக்கு அக்கோப்புகள் என்றைக்கும் எட்டாதவை.

அடுத்த வருஷத் தொடக்கத்தில் எக்ஸ்விட்டின் ஆட்சிக்கும் முடிவு வந்தது. தொலைக்காட்சித் தொடர்களைக் களவாக வெளியிடும் கூட்டங்கள், இனிமேல் எச்.264 ஒன்றே செல்லும் என்று விதியைத் திருத்திக்கொண்டன. உடனே எழுந்த கூச்சல் கொஞ்சமன்று. கூடத்தில் இருக்கும் டி.வி.டி. பிளேயரில் இனி எதைப் போட்டுப் பார்ப்பது என்று, காசு கொடாமல் பெற்ற பொருளைப் பற்றி, காசு கொடுத்து வாங்கியவர்களைவிட உரத்த குரலில் முறையிட்டார்கள். கூட்டங்கள் இசையவில்லை. ஒன்பது வருஷம் பெட்டிக்குக் கட்டுப்பட்டிருந்த மென்பொருள், அன்று கட்டை அறுத்துக்கொண்டது.

அதன்பின் பிளேயர் தனிப் பெட்டியாக இருக்கும் வழக்கம் குறைந்து, தொலைக்காட்சிக்குள்ளேயே புகுந்துகொண்டது. அதற்குப் புது மென்பொருளை இணையத்தின் வழியே அனுப்பவும் முடிகிறது. ஆனால் புதுப்பிக்கத்தக்க யந்திரம் வந்தால் பிணக்குத் தீரும் என்று நினைத்தவர்களின் எண்ணம் பலிக்கவில்லை. டி.டி.எஸ். என்னும் முறையில் சுருக்கப்பட்ட ஒலியை வருஷக்கணக்காக இசைத்து வந்த சாம்சங் தொலைக்காட்சிகள், 2018-ஆம் வருஷத்து வரவுகளிலிருந்து அதை இசைப்பதை நிறுத்தின. இரண்டு வருஷம் கழித்து எல்.ஜி.யும் அவ்வழியே சென்றது. முந்தைய காலத்துப் பெட்டி, தான் கல்லாததைக் காட்டவில்லை; இது, தன் முன்னோர் கற்றதையே கைவிட்டது. படம் துல்லியமாக ஓட, ஒலி மட்டும் ஊமையாகி, இவ்வொலி ஏற்கப்படவில்லை என்ற வாசகம் கீழே மின்னுகிறது. இதற்குப் பரிகாரம் தேடுவோர் மீண்டும் கணிப்பொறியிடம்தான் போகிறார்கள்: எஃப்.எஃப்.எம்பெக்கைக் கொண்டு படத்தைத் தொடாமல் ஒலித்தடத்தை மட்டும் பிரித்து, 2017-இல் காப்புரிமைகள் காலாவதியாகிவிட்ட ஏ.சி.-3 முறைக்கு மாற்றி, பழைய உறையிலேயே திரும்ப வைத்துவிடுகிறார்கள். ஒரு முழுநீளப் படத்துக்கு இது சில நிமிஷ வேலை.